முதல் வேலைக்கே வெளிநாடா? குமரி மாவட்டப் பட்டதாரிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடைசி செமஸ்டர் முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது ஒரு மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மக்களே, பாஸ்போர்ட் எடுத்தாயிற்றா?" என்று ஆரம்பிப்பார். என்ன படித்தாய், எதில் விருப்பம் என்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகுதான். குளச்சல், முட்டம் பக்கத்து மீனவர்கள் வளைகுடாவில் படகேறுகிறார்கள்; மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய வீடு இல்லாத தெரு அபூர்வம். அதனால் நம் மாவட்டத்தில் "எப்போது போகிறாய்" என்பதுதான் பேச்சு. "போகத்தான் வேண்டுமா" என்று யாரும் கேட்பதில்லை. இந்த வழிகாட்டி அதைத்தான் கேட்கிறது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வேலையில் கிடைக்கும் பெரிய வரவு தொழில்தான், சம்பளம் அதற்கு அடுத்தது. வெளிநாட்டு வேலை உங்கள் படிப்புக்கான வேலையாகவே இருந்தால் தயங்காமல் போங்கள். வேறு ஏதோ ஒரு வேலை என்றால் இரண்டு ஆண்டு இங்கே அனுபவம் சேர்த்துவிட்டுப் போங்கள். இதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதே மீதிக் கட்டுரை.

படி 1: யாருக்காகப் போகிறீர்கள்?

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் உங்கள் காரணங்கள், வலது பக்கம் வீட்டின் காரணங்கள். கல்விக் கடன், அக்காவின் திருமணம், பாதியில் நிற்கும் மாடி, அப்பாவின் மருத்துவச் செலவு எல்லாம் வலது பக்கம். வலது பக்கம் நிறைந்து இடது பக்கம் வெறுமையாக இருந்தால் அதில் தவறொன்றுமில்லை. ஆனால் அப்போது நீங்கள் தேடுவது வேலையை அல்ல, ஒரு குறிப்பிட்ட தொகையை. அந்தத் தொகை எவ்வளவு, எப்போதைக்குள் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் அது வளர்ந்துகொண்டே போகும்.

கல்விக் கடன்தான் அவசரம் என்றால் முதலில் வங்கிக் கிளைக்குப் போங்கள். வங்கிகள் பொதுவாகப் பின்பற்றும் மாதிரித் திட்டத்தில், படிப்புக் காலத்துடன் மேலும் ஓராண்டு கழித்தே தவணை தொடங்குகிறது. அந்த ஓராண்டிலும் வட்டி ஏறும். வட்டியை மட்டுமாவது கட்டி வந்தால் அசல் பெருகாது. தவணை தொடங்கும் தேதியும் தொகையும் தெரியாமல் ஏஜென்டுக்காக அம்மாவின் வளையலை அடகு வைப்பவர்கள் உண்டு. மலிவான கடனுக்குப் பயந்து விலையுயர்ந்த கடனில் விழுகிற வேலை அது.

படி 2: உங்கள் பட்டத்துக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது?

"கல்ஃப்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி.

பொறியியல் பட்டதாரிகள் முதலில் கவனிக்க வேண்டியது, படித்த கல்லூரியில் தங்கள் பாடப் பிரிவுக்கு என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருந்ததா என்பதை. குவைத் 2018-இல் இதைப் பிடித்துக்கொண்டபோது, ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்த இந்தியப் பொறியாளர்கள் பலரே சிக்கலில் மாட்டினார்கள். சவுதியில் பொறியாளர் என்ற பதவியில் வேலை செய்ய அந்நாட்டுப் பொறியாளர்கள் கவுன்சிலில் பதிவு வேண்டும். இந்த வாசல்களைக் கடக்க முடியாதபோதுதான் "விசாவில் வேறு பெயர் இருக்கும், வேலை இன்ஜினியர் வேலைதான்" என்று ஏஜென்ட் சொல்ல ஆரம்பிப்பார். விசாவிலும் ஒப்பந்தத்திலும் எந்தப் பதவி எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் அனுபவச் சான்றிதழிலும் வரும்.

செவிலியர் பட்டம் பெற்றவர்களுக்கு வேறொரு விதி. பத்தாம் வகுப்பு தேறிய எவருக்கும் குடியேற்ற அனுமதி (வேலைக்காக வெளிநாடு போக இந்திய அரசு தரும் அனுமதி) தேவையில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். செவிலியர்களுக்கு அது பொருந்தாது. வளைகுடா நாடுகள் அடங்கிய 18 நாடுகளின் பட்டியலுக்குள் வேலைக்குப் போகிற செவிலியர் 2015 முதல் குடியேற்ற அனுமதி பெற்றே ஆக வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. செவிலியர் தேர்வுகளை அது நடத்துகிறது. தனியார் ஏஜென்டுகளின் சுவரொட்டிகளைப் பார்ப்பதற்கு முன் அதன் இணையதளத்தைப் பாருங்கள். ஜெர்மனிக்கு ஆசைப்படுகிறவர்கள், தொழில் அங்கீகாரத்துக்குப் பொதுவாக பி2 அளவு (ஓரளவு சரளமாகப் பேசும் நிலை) ஜெர்மன் தேவை என்பதை மனதில் வைத்து, மொழி வகுப்புக்கு ஆகும் காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பி.காம். படித்தவர்களுக்கு நல்ல செய்தி உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2018 முதல் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி இருக்கிறது. 2023 ஜூனில் 9 சதவீத நிறுவன வரியும் வந்துவிட்டது. சவுதியில் 2020 ஜூலை முதல் மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம். வரி வந்த இடத்தில் கணக்காளருக்கு வேலையும் வந்துவிடும். நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டு உட்கார்ந்து டேலியும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் கைப்பழக்கமானவருக்கு அங்கே கேட்கும் சம்பளம் வேறு, பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு போகிறவருக்கு வேறு.

ஐரோப்பா, சிங்கப்பூர் என்று யோசிப்பவர்கள் சம்பள வரம்பை முதலில் பாருங்கள். அங்கே விசா கொடுப்பதா என்பதை நிறுவனம் தரும் சம்பளம்தான் பெரிதும் தீர்மானிக்கிறது. 2025 நிலவரப்படி சிங்கப்பூர் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு (பட்டதாரி நிலை வேலைக்கான அனுமதி) குறைந்தது மாதம் 5,600 சிங்கப்பூர் டாலர். ஜெர்மனியின் நீல அட்டைக்கு (பட்டதாரிகளுக்கான வேலை விசா), புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கான சலுகை வரம்பே 2025-இல் ஆண்டுக்கு 43,759.80 யூரோ. இங்கிலாந்தின் திறன்மிகு பணியாளர் விசாவுக்கான பொது வரம்பு 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்ந்தது. இவை அடிக்கடி மாறுகிறவை. அந்தந்த அரசின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வரம்புக்குக் கீழே சம்பளம் சொல்லி "விசா நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

படி 3: எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

துபாய் வேலையை வீட்டில் சும்மா இருப்பதோடு ஒப்பிட்டால் துபாய்தான் ஜெயிக்கும். ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டுமென்றால் எதிர்த்தட்டில் இங்கே கிடைக்கக்கூடிய உண்மையான வேலை ஒன்றை வைக்க வேண்டும்.

நமக்கு அந்த வசதி பலரைவிட அதிகம். களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம். அங்கே கழக்கூட்டத்தில் 1990 முதல் டெக்னோபார்க் இருக்கிறது. வார இறுதியில் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திங்கள் காலை ரயிலில் வேலைக்குப் போகலாம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு மலையாளம் பேச வரும். பயோடேட்டாவில் அதை எழுத வெட்கப்படுகிறார்கள், ஏனென்று எனக்குப் புரிந்ததே இல்லை. திருவனந்தபுரத்தில் அது தினமும் பயன்படும். பின்னால் வளைகுடாவுக்குப் போனாலும், அங்கே மேலாளர் நாற்காலியில் இருப்பவர் மலையாளியாக இருக்கும் வாய்ப்பு நிறைய.

ஆகவே வெளிநாட்டு ஆஃபருக்குப் பதில் சொல்லும் முன், திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு வேலைக்கான நேர்காணலையாவது முடித்திருங்கள். கிடைக்காவிட்டாலும் உங்கள் சந்தை மதிப்பு தெரியவரும்.

படி 4: ஆஃபர் லெட்டரை மேசையில் விரித்து வையுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலோர் மொத்தச் சம்பளம் என்ற ஒரே வரியைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள்.

உதாரணத்துக்கு, அமீரகத்தில் மொத்தம் 2,500 திர்ஹாம் என்று ஒரு கடிதம் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் பிரித்துக் காட்டியிருப்பார்கள்: அடிப்படைச் சம்பளம் 1,000, மீதி 1,500 வீட்டுப்படி, போக்குவரத்துப்படி, இதரப்படி. இன்னொரு நிறுவனத்தின் கடிதத்திலும் அதே 2,500. அடிப்படைச் சம்பளம் மட்டும் 1,600. மாதச் சம்பளத்தில் வித்தியாசமே இல்லை. ஆனால் அமீரகச் சட்டப்படி, ஓராண்டு முடித்தவருக்கு வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். முதல் கடிதத்துக்கு ஆண்டுக்கு 700 திர்ஹாம், இரண்டாவதுக்கு 1,120. ஐந்து ஆண்டில் 2,100 திர்ஹாம் வித்தியாசம். கூடுதல் நேர வேலைக்கும், எடுக்காத விடுப்புக்கும் பணம் கணக்கிடுவது அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான்.

பிறகு பதவியின் பெயர். படித்தது சிவில், கடிதத்தில் "ஸ்டோர் கீப்பர்" என்றிருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். "போன பிறகு மாற்றிவிடுவார்கள்" என்றால், எப்போது மாற்றுவார்கள் என்பதைக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

தகுதிகாண் காலத்தையும் பாருங்கள். அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம் அதை ஆறு மாதத்துக்கு மேல் நீட்ட விடுவதில்லை. அந்தக் காலத்தில் நிறுவனம் 14 நாள் முன்னறிவிப்போடு உங்களை அனுப்பலாம். நீங்கள் நாட்டை விட்டே கிளம்புவதானாலும் 14 நாள் போதும். அங்கேயே வேறு நிறுவனத்துக்கு மாற ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். முன்னறிவிப்பில்லாமல் போனால் ஓராண்டுத் தடை வரலாம். ஆளெடுக்கும் செலவை ஊழியரிடம் வசூலிக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. விசாச் செலவைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம் என்கிற நிறுவனம் மற்ற விஷயங்களில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடம், ஆண்டு விடுப்பு டிக்கெட், மருத்துவக் காப்பீடு மூன்றும் கடிதத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது.

படி 5: ஏஜென்டைச் சோதியுங்கள்

இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. பெயரையும் பதிவு எண்ணையும் அதில் தேடுங்கள். முகவர் உங்களிடம் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், மொத்தம் 35,400. அதற்கும் ரசீது தர வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலும் வீட்டுக்கு வருவது பதிவு பெற்ற முகவர் அல்ல, அவருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தெரிந்தவர் ஒருவர். தூரத்து உறவாக இருப்பார், கோவில் கமிட்டியிலோ பங்குப் பேரவையிலோ இருப்பார். அவரிடம் ரசீது கேட்பது மரியாதைக் குறைவு என்று அப்பா நினைப்பார். நீங்களே கேளுங்கள்: "மாமா, பணம் தருகிறோம், கம்பெனி பெயரில் ரசீது மட்டும் வேண்டும்." அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் உங்கள் பணம் தப்பியது.

"முதலில் விசிட் விசாவில் வா, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பது பழைய பாட்டு. வருகை விசாவில் வேலை செய்வது சட்டப்படி குற்றம். அங்கே சம்பளம் தராவிட்டால் புகார் செய்யக்கூட உங்கள் பெயரில் ஒப்பந்தம் இருக்காது.

கணினி படித்தவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, நேர்காணல் போனிலேயே, டிக்கெட் அவர்களே போடுவார்கள் என்று ஆசை காட்டி, மியான்மர், கம்போடியா, லாவோஸில் இயங்கும் இணைய மோசடிக் கூடாரங்களுக்கு இளைஞர்களைக் கடத்துவது 2022 முதல் நடக்கிறது. வெளியுறவு அமைச்சகம் பலமுறை எச்சரித்துவிட்டது. தமிழ்நாட்டு இளைஞர்களும் மீட்கப்பட்டிருக்கிறார்கள். தட்டச்சு தெரிந்தாலே பெரிய சம்பளம் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

படி 6: பெயரும் சான்றிதழும்

தமிழர்களுக்கென்றே உள்ள தொல்லை இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "ஏ. செல்வன்", கல்லூரியில் "செல்வன் ஏ.", பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்துக் குடும்பப் பெயராகப் போட்டிருப்பார்கள் அல்லது அந்தக் கட்டத்தையே காலியாக விட்டிருப்பார்கள். நம் மாவட்டத்தில் இதோடு ஞானஸ்நானப் பெயரும் வீட்டுப் பெயரும் வேறு சேர்ந்துகொள்ளும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது விமான நிலையங்களில் தவித்தவர்களில் தென்னிந்தியர்கள் நிறைய இருந்தார்கள். ஆகவே வேலை தேடத் தொடங்குவதற்கு முன்பே பாஸ்போர்ட்டையும் சான்றிதழ்களையும் வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். திருத்தம் தேவைப்பட்டால் மாதங்கள் ஆகலாம்.

அடுத்தது பட்டச் சான்றிதழ். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமோ அண்ணா பல்கலைக்கழகமோ, தற்காலிகச் சான்றிதழ் கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டில் சான்றிதழ் செல்லுபடியாக வாங்க வேண்டிய முத்திரைகளுக்குப் பொதுவாகக் கேட்பது மூலப் பட்டச் சான்றிதழை. மாநில அரசின் முத்திரை முதலில், பிறகு வெளியுறவு அமைச்சகம். அபோஸ்டில் உடன்படிக்கையில் (ஒரே முத்திரையைப் பல நாடுகள் ஏற்கும் ஒப்பந்தம்) உள்ள நாடுகளுக்கு அதோடு வேலை முடிந்தது. சவுதி 2022 டிசம்பரில் அதில் சேர்ந்துவிட்டது. அமீரகம், கத்தார், குவைத்துக்குத் தூதரக முத்திரையும் தேவைப்பட்டு வந்திருக்கிறது. மூலச் சான்றிதழை ஏஜென்டிடம் கொடுத்தால் எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். பாஸ்போர்ட்டை எந்த நிறுவனமும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது.

படி 7: கணக்கு

மேலே சொன்ன 2,500 திர்ஹாம் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காகத்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். பகிர்ந்து தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு 700, சாப்பாட்டுக்கு 500, பஸ், போன் வகைக்கு 250. மீதி 1,050 திர்ஹாம். ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்றால் 24,150 ரூபாய்.

போவதற்கு ஒன்றரை லட்சம் செலவழித்திருந்தால், அந்தப் பணம் திரும்பி வரவே ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். வட்டியைச் சேர்க்கவில்லை. தகுதிகாண் காலம் ஆறு மாதம் வரை இருக்கலாம் என்று பார்த்தோம். அதாவது உங்களை எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடக்கூடிய காலம் முழுவதும் நீங்கள் கடனிலேயே இருக்கிறீர்கள். விதிப்படி 35,400 ரூபாயும் டிக்கெட், முத்திரைச் செலவும் மட்டும் என்றால் மூன்று மாதத்தில் மூச்சு விடலாம்.

இனி எதிர்த்தட்டு. திருவனந்தபுரத்தில் 18,000 சம்பளம், விடுதியும் சாப்பாடும் போக 8,000 மிச்சம் என்று வைப்போம். மாதத்துக்கு 16,150 ரூபாய் வித்தியாசம்; இரண்டு ஆண்டில் 3,87,600. போகும் செலவான ஒன்றரை லட்சத்தைக் கழித்தால் 2,37,600 ரூபாய். முழுக் கேள்வியும் இந்த ஒரு தொகைக்குள் வந்துவிட்டது. வெளிநாட்டில் உங்கள் தொழிலையே செய்யப் போகிறீர்கள் என்றால் இந்தத் தொகை அனுபவத்தோடு சேர்ந்து வரும் லாபம். சிவில் படித்துவிட்டுக் கிடங்கில் சிமென்ட் மூட்டை எண்ணப் போகிறீர்கள் என்றால், இரண்டு ஆண்டு தொழில் அனுபவத்தை 2,37,600 ரூபாய்க்கு விற்கிறீர்கள். விற்கலாம். படி 1-இல் வலது பக்கத்தில் எழுதிய தேவை அவ்வளவு கடுமையாக இருந்தால் விற்கத்தான் வேண்டியிருக்கும். விலை தெரிந்து விற்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 8: அங்கே இருப்பவரிடம் கேளுங்கள்

விடுமுறைக்கு வந்திருக்கும் அண்ணனிடம் கேட்டால் நல்லதை மட்டுமே சொல்வார். ஊரில் இருக்கும் முப்பது நாளும் அவர் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டுமாகக் காட்சி தர வேண்டியவர். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் திரும்பிப் போன பிறகு, இரவு ஷிப்ட் முடிந்து அறையில் இருக்கும் நேரத்தில் போன் செய்யுங்கள். அதைவிட, அதே நிறுவனத்தில் இப்போது வேலை பார்க்கும் ஒருவரைப் பிடியுங்கள். சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, போன வருடம் தாமதமானதா, அறையில் எத்தனை பேர், பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது, புதிதாக வந்தவர் ஓராண்டில் என்ன வேலை கற்றுக்கொள்கிறார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் யோசித்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

படி 9: போவதென்று முடிவானால்

பாஸ்போர்ட்டில் "குடியேற்றச் சோதனை தேவை" (ஆங்கிலத்தில் ECR) என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பட்டதாரியின் பாஸ்போர்ட்டில் அது இருக்கக் கூடாது. இருந்தால் சான்றிதழைக் காட்டி நீக்கிக்கொள்ளலாம்.

வெளிநாட்டு வேலை தொடங்கியதும் ஊர் வங்கிக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவரின் உள்நாட்டு வரவுகளுக்கான கணக்கு) மாற்ற வேண்டும். அங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கென உள்ள என்.ஆர்.இ. கணக்கும் திறக்கலாம். புறப்படும் மாதமும் முக்கியம். வேலைக்காக வெளிநாடு போகிறவர் அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால்தான் வரிக் கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவர் ஆவார். செப்டம்பர் கடைசி வாரத்துக்கு முன் கிளம்பினால் அந்த ஆண்டுக்கே அந்தத் தகுதி கிடைக்கும். ஜனவரியில் கிளம்பினால் மார்ச் வரையிலான வெளிநாட்டுச் சம்பளமும் இங்கே கணக்கில் வரும்.

ஒப்பந்தம், பாஸ்போர்ட், விசா மூன்றின் நகலையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். சம்பளத் தகராறு, காணாமல் போதல் போன்றவற்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" (MADAD) என்ற இணையதளத்தில் ஊரிலிருந்தே புகார் பதியலாம். அதற்கு இந்த நகல்கள் வேண்டும்.

படி 10: வேண்டாம் என்று முடிவானால்

ஆஃபர் அனுப்பிய நிறுவனத்துக்குப் பதில் எழுதாமல் இருந்துவிடாதீர்கள். வாய்ப்புக்கு நன்றி, இந்தப் பதவி என் படிப்புக்குப் பொருந்தவில்லை, இரண்டு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு பொருத்தமான பதவிக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன் என்று நான்கு வரி போதும். கடிதத்தில் கையெழுத்திட்டவரின் பெயரையும் மின்னஞ்சலையும் குறித்து வையுங்கள். இடையில் நின்ற உறவினருக்கு வீட்டில் யாராவது நேரில் போய்ச் சொல்வது நல்லது. போனில் சொன்னால் அடுத்த கல்யாண வீடு வரை அந்த வருத்தம் இருக்கும். அன்றைக்கே பட்டச் சான்றிதழுக்கும் பெயர்த் திருத்தத்துக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து நல்ல ஆஃபர் வரும்போது பத்து நாள்தான் அவகாசம் தருவார்கள்.